காலையில் ஒன்று, சாப்பிட்ட பின்

மார்ச் 14

குட்டி,

நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன், உடம்பில் ஒரு குறையும் இல்லை. உன் விரல்கள் எப்படி இருக்கின்றன? பத்தையும் தனித்தனியாக விசாரித்ததாக வைத்துக்கொள். மாப்பிள்ளையையும் பாப்பாவையும் கேட்டதாகச் சொல்.

பார்சல் கனமாக இருக்கிறதே என்று மிரளாதே. வழக்கமாக ஒரு மாதத்து மாத்திரை அனுப்புவேன், இந்தத் தடவை மூன்று மாதத்துக்கு வைத்திருக்கிறேன். ஒன்பது அட்டை. இந்தக் காய்ச்சல் எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. தபால் ஓடும்போதே அனுப்பிவிடலாம் என்று தோன்றியது. அட்டையின் மேல் எப்போதும்போல எழுதி ஒட்டியிருக்கிறேன்: காலையில் ஒன்று, சாப்பிட்ட பின். பதினோரு வருடமாக முடக்குவாதத்துக்கு இதையே விழுங்குகிறவளுக்கு எதற்கு இது என்று நீ சிரிப்பாய். கடைக்காரியின் கை சும்மா இருக்காது.

இங்கே தெருவில் பாதிக் கடை மூடிவிட்டது. டாக்டர் தன் கிளினிக் கதவில் ஒரு தாளை ஒட்டிவிட்டு வீட்டோடு இருந்துவிட்டார். அதனால் எல்லோரும் என் மருந்துக்கடைக்குத்தான் வருகிறார்கள். தொண்டை கரகரப்பு, பல்வலி, கர்ப்பிணி எதைச் சாப்பிடலாம், முகக்கவசத்தில் எந்தப் பக்கம் வெளியே தெரிய வேண்டும், எல்லாவற்றுக்கும் நான். தரையில் மஞ்சள் டேப்பால் கட்டம் ஒட்டி, ஆளுக்கு ஒரு கட்டத்தில் நிற்கச் சொல்லியிருக்கிறேன். எதிர்ச் செருப்புக்கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு, "என்ன மேடம், எங்களை நொண்டியடிக்க விடப்போறீங்களா?" என்றார்.

கம்பவுண்டர் ஐயாவுக்கு அறுபத்தெட்டு வயதாகிறது. வீட்டிலேயே இருங்கள் என்று சொல்லிவிட்டேன். "நான் வராம கடை ஓடுமா?" என்று கோபித்துக்கொண்டார். "கடை ஓடும் ஐயா, நீங்க ஓட மாட்டீங்க" என்றேன். இப்போது கடையில் நான் ஒருத்திதான்.

கையை அடிக்கடி கழுவு. பார்சல் வந்ததும் ஒரு வரி எழுது.

அக்கா

*

மார்ச் 31

அன்புள்ள அக்கா,

பத்துப் பேரும் சௌக்கியம். வலது கை மோதிர விரல் மட்டும் காலையில் கொஞ்சம் முறுக்கிக்கொள்கிறார், வெந்நீர் காட்டினால் சமாதானமாகிவிடுகிறார். நீ எப்படி இருக்கிறாய்? உட்கார்ந்து சாப்பிடுகிறாயா, இல்லை கல்லாவுக்குப் பின்னால் நின்றபடி ரொட்டியைக் கடித்துக்கொண்டிருக்கிறாயா?

பார்சல் வந்தது. ஒன்பது அட்டையும் பீரோவில் என் துணிக்கு அடியில் பத்திரமாக இருக்கின்றன.

மருத்துவமனையில் எங்கள் துணிப் பிரிவில் ஏழு மிஷினும் நிற்பதே இல்லை. முன்பெல்லாம் படுக்கை விரிப்புக்கு ஓரம் அடிப்போம், தலையணை உறை தைப்போம். இப்போது காலையிலிருந்து மாலைவரை கவுன், கவுன், கவுன். நர்ஸுகள் ஒரு நாள் போட்டுக் கழற்றுவது. "தைக்கிறதெல்லாம் நெருப்புலதான் போகுது, ஓரம் கோணலாப் போனா என்ன?" என்று பக்கத்து மிஷின்காரி கேட்கிறாள். எனக்குத்தான் மனசு வரவில்லை. நேராகவே தைக்கிறேன்.

உன்னோடு பேச எனக்கு இந்தக் காகிதம்தான் இருக்கிறது. வீட்டில் இருக்கும் ஒரே போன் அவர் ஓட்டுகிற ஆம்புலன்ஸில் அவரோடு போய்விடுகிறது. சாயங்காலம் வந்தால் பாப்பாவின் பாடத்துக்குப் போய்விடுகிறது.

அவர் முன்பு நாளுக்கு நாலு நடை போவார். இப்போது பதினைந்து. வீட்டுக்கு வந்ததும் வாசல் குழாயடியிலேயே சட்டையைக் கழற்றி சோப்புத் தண்ணீரில் போடுகிறார். பாப்பாவைப் பக்கத்தில் விடுவதில்லை. தட்டை ஜன்னலோரம் வைத்தால் எடுத்துக்கொள்கிறார். காலையில் வண்டிச் சாவியை எடுக்கும்போது கை ஆடுகிறது அக்கா. நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்தால் சாவியை விரலில் மாட்டிச் சுழற்றி விளையாடுவதுபோலக் காட்டுகிறார்.

ஒன்று கேட்க வேண்டும். நான் சாப்பிடுகிற அதே மாத்திரை இந்தக் காய்ச்சலை வராமல் தடுக்கும் என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். டாக்டர்களுக்கும் நர்ஸுகளுக்கும் கொடுக்கிறார்கள். டிரைவர்கள் கேட்டதற்கு, "நீங்க லிஸ்ட்ல இல்ல" என்று அனுப்பிவிட்டார்களாம். நிஜமாகவே அது தடுக்குமா? சும்மாதான் கேட்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். முகக்கவசத்தைத் தாடையில் மாட்டிக்கொண்டு நிற்காதே, உன்னை எனக்குத் தெரியும்.

தங்கச்சி

*

ஏப்ரல் 11

குட்டி,

இந்தக் கடிதம் வரும்போது நீங்கள் மூன்று பேரும் நன்றாக இருக்க வேண்டும். நான் இருக்கிறேன், குரல்தான் கட்டிப்போயிருக்கிறது. நாள் முழுக்க "இல்லை" என்று கத்தியதால்.

உன் கேள்விக்குப் பதில்: தடுக்காது. தடுக்கும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. யாரோ எங்கேயோ ஒரு கண்ணாடிக் குழாயில் போட்டுப் பார்த்தார்கள், அது டிவிக்கு வந்துவிட்டது. உனக்கு அது உயிர்நாடி. மூட்டு நோய் இல்லாத ஆளுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் கிடையாது, சிலருக்கு இதயத்துடிப்பைக்கூடக் கெடுக்கும். நீ சும்மாதான் கேட்டாய் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

பதினைந்து நாளாக இந்தப் பேச்சைத்தான் கடையில் பேசிக்கொண்டிருக்கிறேன். ஒருத்தர் டை கட்டிக்கொண்டு வந்தார்.

"அந்த மாத்திரை பத்து அட்டை குடுங்க."

"டாக்டர் சீட்டு இருக்கா சார்?"

"எதுக்குச் சீட்டு? டிவியிலேயே சொல்லிட்டாங்களே."

"டிவிக்கு மூட்டு வலியா சார்?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "நாளைக்கு என் வீட்டுல யாருக்காவது ஏதாவது ஆச்சுன்னா உன்னைத்தான் கேப்பேன்" என்று விரலை நீட்டிச் சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு முழுக்க அந்த விரல் கண்ணுக்குள்ளேயே நின்றது.

உன்னைப்போல இந்த மாத்திரையை நம்பியே இருக்கிறவர்கள் என் கடையில் பதினொரு பேர். அவர்களைக் கூப்பிட்டு ஆளுக்கு எட்டு அட்டை கொடுத்துவிட்டேன். நல்லவேளை. அந்த வாரமே சுகாதாரத் துறையிலிருந்து ஆள் வந்து, அலமாரியில் மிச்சம் இருந்ததை எல்லாம் மருத்துவமனைகளுக்கு வேண்டும் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அதைப் பற்றி எழுத வேறு ஒன்றும் இல்லை.

உன்னிடம் ஜூன் பாதி வரை இருக்கிறது. அதற்குள் நான் எப்படியாவது வாங்கிவிடுவேன். ஒரு நாளும் விடாதே. கோணல் ஓரத்தைப் பற்றி உன் பக்கத்து மிஷின்காரி சொல்வதையும் கொஞ்சம் கேள், எல்லாவற்றையும் நேராகத் தைத்து விரலைக் கெடுத்துக்கொள்ளாதே.

அக்கா

*

மே 2

அன்புள்ள அக்கா,

எல்லோரும் நலம். உன் தொண்டை சரியாகிவிட்டதா?

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, வேலை. இந்தப் பேனா சரியில்லை, கோடு எங்கெங்கோ போகிறது, பொறுத்துக்கொள். என்னைத் தையலிலிருந்து வெட்டுகிற மேசைக்கு மாற்றியிருக்கிறார்கள். அங்கே ஆள் குறைவு என்று மேற்பார்வையாளர் கேட்டார், சரி என்றேன். நின்றுகொண்டே வேலை என்பதால் முதுகுக்கு நல்லது.

மாத்திரை நிறைய இருக்கிறது. அவசரப்பட்டுத் தேடி அலையாதே.

அவர் நன்றாக இருக்கிறார். இப்போதெல்லாம் கை ஆடுவதில்லை.

தங்கச்சி

*

மே 12

குட்டி,

நான் நலம் என்றுதான் எழுத வேண்டும். நீ?

பேனாவைக் குறை சொல்லாதே. நீ குச்சியால் எழுதினாலும் உன் எழுத்து முத்து முத்தாக இருக்கும். இந்தக் கடிதத்தில் ஒரு எழுத்து மலை ஏறுகிறது, அடுத்தது பள்ளத்தில் விழுகிறது. கத்தரிக்கோல் பிடிக்கிற வேலை விரலுக்குத் தையலைவிட மோசம் என்று எனக்குத் தெரியாதா? முதுகுக்கு நல்லதாம். விரலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. போன மாதம்வரை அவர்களை "பத்துப் பேர்" என்று சொல்லிக்கொண்டிருந்தாய்.

போன் செய்தேன். மாப்பிள்ளைதான் எடுத்தார், பின்னால் சைரன் சத்தம். "அவ நல்லா இருக்கா அக்கா, கவலையே படாதீங்க, உங்களுக்குத்தான் நாங்க நன்றி சொல்லணும்" என்றார். எதற்கு நன்றி என்று கேட்பதற்குள் வண்டி எங்கேயோ போய் நின்றுவிட்டது, வைத்துவிட்டார்.

எதிர்ச் செருப்புக்கடைக்காரர் ஒரு வாரமாக இருமிக்கொண்டு வந்தார். முதல் நாளே சொன்னேன், "பரிசோதனை பண்ணிக்குங்க."

"சளி மேடம். வருஷா வருஷம் வர்றதுதான். ஒரு சிரப் குடுங்க."

"சிரப் தர்றேன். பரிசோதனையும் பண்ணுங்க."

"பண்ணி, இருக்குன்னு வந்துட்டா? வீட்டு வாசல்ல பலகை அடிப்பாங்க. மூணு பொண்ணு இருக்கு எனக்கு. தெருவே திரும்பிப் பார்க்கும்."

நானே பரிசோதனைக் கூடத்துக்குப் போன் செய்து, ஆளை வீட்டுக்கே அனுப்ப ஏற்பாடு செய்தேன். அவர் கதவைத் திறக்கவில்லை. அதற்கு நான்காம் நாள் மூச்சுக்கு மருந்து கேட்டு மூத்த பெண் ஓடி வந்தாள். என் கடையில் இருந்த ஆக்ஸிமீட்டரை எடுத்துக்கொண்டு அவளோடு ஓடினேன். அவர் விரலில் மாட்டியபோது அதில் தெரிந்த எண்ணை நான் அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை. ஆம்புலன்ஸ் வர மூன்று மணி நேரம் ஆனது. போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று யோசித்துப் பார்க்கிறேன். சிரப் கொடுக்காமல் இருந்திருக்கலாமோ? கொடுக்காவிட்டால் வேறு கடைக்குப் போயிருப்பார். அவ்வளவுதான்.

உள்ளதை எழுது குட்டி. விரல் எப்படி இருக்கிறது?

அக்கா

*

மே 27

அன்புள்ள அக்கா,

நான் சொல்லச் சொல்லப் பாப்பா எழுதுகிறாள். அவள் கையெழுத்து என்னுடையதைவிட அழகாக இருக்கிறது, நீயே பார். நீ நலமா? செருப்புக்கடைக்காரரைப் பற்றிப் படித்தபோது வருத்தமாக இருந்தது. அதற்கு நீ பொறுப்பில்லை. மூன்று பெண்களும் இப்போது யாரோடு இருக்கிறார்கள்?

அவருக்கு ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் வந்தது. பரிசோதனையில் இருக்கிறது என்று வந்துவிட்டது. எங்கள் மருத்துவமனையிலேயே தனி வார்டில் சேர்த்திருக்கிறோம். ஆக்ஸிஜன் வைத்திருக்கிறார்கள். போன் அவரிடம் இருக்கிறது, ஆனால் பேசினால் இருமல் வருகிறது என்று நர்ஸ் பேச விடுவதில்லை. எனக்கும் பாப்பாவுக்கும் இல்லை என்று வந்திருக்கிறது. பதினாலு நாள் வீட்டைவிட்டு வெளியே போகக் கூடாது. அதனால் எனக்கு நல்ல ஓய்வு. கையில் லேசான வீக்கம், ஓய்வில் சரியாகிவிடும்.

நீ இதை நினைத்துக் கஷ்டப்பட்டுக்கொண்டு இருக்காதே. வேளைக்குச் சாப்பிடு.

தங்கச்சி

பெரியம்மா, இது நான். அம்மா உள்ளே போயிருக்கிறார்கள். அம்மாவால் சீப்பைப் பிடிக்க முடியவில்லை, நான்தான் தலை வாரிவிடுகிறேன். டம்ளரை இரண்டு உள்ளங்கையாலும் அணைத்துத் தூக்குகிறார்கள். காலையில் கதவுக் குமிழைத் திருப்ப முடியாமல் என்னைக் கூப்பிடுகிறார்கள். நான் எழுதினேன் என்று சொல்லிவிடாதீர்கள்.

*

ஜூன் 5

குட்டி,

மாப்பிள்ளை எப்படி இருக்கிறார்? வார்டு எண்ணுக்கு மூன்று தடவை போன் செய்தேன். "நிலைமை அப்படியே இருக்கு" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. மற்ற வியாதி எதுவும் இல்லாத உடம்பு, மீண்டு வருவார். நான் தைரியத்துக்காகச் சொல்லவில்லை, கடையில் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

உன் வீக்கம் லேசானது இல்லை. எப்படித் தெரியும் என்று கேட்காதே, பாப்பாவின் கையெழுத்தில் கடிதம் வந்தாலே எனக்குத் தெரியும். மூட்டு டாக்டரின் புறநோயாளிப் பிரிவை அங்கேயும் மூடிவிட்டார்களா? இங்கே மூடி இரண்டு மாதம் ஆகிறது.

மாத்திரை எங்கே போயிற்று? தினமும் ஒன்று சாப்பிட்டிருந்தால் நீ இந்த நிலைக்கு வந்திருக்க மாட்டாய். மிச்சம் பிடிக்கிறாயா? நாள் விட்டு நாள் சாப்பிடுகிறாயா? இனிக் கிடைக்காது என்று நான் பயமுறுத்தியதால் இப்படிச் செய்கிறாய் என்றால் அது என் தப்பு.

என் தப்பு இன்னொன்றும் இருக்கிறது. ஏப்ரலில் எழுதாமல் விட்டேன். அந்தச் சுகாதாரத் துறை அதிகாரி வந்த அன்று உனக்கென்று தனியாக ஒரு பெட்டி எடுத்து, மேலே "குட்டி" என்று எழுதி வைத்திருந்தேன். ஆறு மாதத்துக்கு வரும்.

"இது யாருக்கும்மா?"

"என் தங்கச்சிக்கு சார். முடக்குவாதம்."

"சீட்டு?"

காட்டினேன். "போன வருஷத்துச் சீட்டு. செல்லாதும்மா" என்றார். கெட்ட மனிதர் இல்லை, அவர் கண்ணும் தூங்கி நாளாகியிருந்தது. அவர் பக்கம் பெட்டியைத் தள்ளியது நான்தான். மேசைக்கு அடியில் வைத்திருந்தால் அவர் கேட்டிருக்கவே மாட்டார். ஊருக்கெல்லாம் "இல்லை" என்று சொல்லிவிட்டு என் வீட்டுக்கு மட்டும் ஒளித்துவைக்கக் கூடாது என்று அந்த நேரத்தில் ஒரு திமிர். உன்னிடம்தான் மூன்று மாதத்துக்கு இருக்கிறதே என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

இதோடு ஒரு அட்டை வைத்திருக்கிறேன். பத்து மாத்திரை. நம் டீச்சரைத் தெரியுமில்லையா, பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றவர், உனக்கு இருக்கும் அதே நோய். அவரிடம் கடைசியாக இருந்தது இரண்டு அட்டை. உன் கதையைக் கேட்டு, "பாதியைக் குடுத்துடறேன்மா, நான் தையல்காரி இல்லையே, சும்மா உக்காந்திருக்கறவதானே" என்று ஒன்றைக் கொடுத்துவிட்டார். வாங்கும்போது என் கை கூசியது. வாங்கிக்கொண்டேன்.

தினமும் ஒன்று. பிரித்த நாளிலிருந்தே.

அக்கா

*

ஜூன் 28

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நீங்கள் நல்ல சுகத்தோடு இருக்க வேண்டுகிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கம் இல்லை. தப்பு இருந்தால் மன்னிக்கவும். இதை நானே எழுத வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

நான் பிழைத்துவிட்டேன். திங்கட்கிழமை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, மற்றபடி பரவாயில்லை. என் கூட வார்டில் இருந்த ஒன்பது பேரில் நாலு பேர் வரவில்லை.

நான் உயிரோடு இருப்பதற்கு நீங்கள்தான் காரணம். மார்ச்சில் நீங்கள் எனக்காகத் தனியாக அனுப்பிய மாத்திரையை உங்கள் தங்கை ஏப்ரல் முதல் தேதியிலிருந்து தினமும் காலையில் ஒன்று கொடுத்தாள். "அக்கா உங்களுக்குன்னே அனுப்பியிருக்காங்க, மருந்துக்கடைக்காரங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லித்தான் முதல் மாத்திரையைக் கொடுத்தாள். அதிலிருந்து எனக்குப் பயம் போய்விட்டது. என்னோடு வண்டியில் வரும் உதவியாளருக்கும் நாலு அட்டை கொடுத்தேன், அவருக்குச் சின்னக் குழந்தை. மே இருபதாம் தேதி தீர்ந்தது. தீர்ந்த நாலாவது நாள் எனக்குக் காய்ச்சல். பார்த்தீர்களா? அப்புறம் இந்த மாதம் ஒரு அட்டை அனுப்பினீர்களே, அதை அவள் பிளாஸ்க் மூடிக்குள் ஒவ்வொன்றாக வைத்து வார்டுக்கு அனுப்பினாள். நாலாவது மாத்திரையிலேயே காய்ச்சல் இறங்கிவிட்டது. டாக்டர் ஏதேதோ சொல்கிறார். எனக்குத் தெரியாதா?

வண்டி ஷெட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். உங்கள் ஊர்ப் பக்கம் இருக்கிற இரண்டு பேர் நேரில் வருவார்கள். என் பேரைச் சொல்வார்கள். முடிந்ததைக் கொடுங்கள்.

அவளுக்குத்தான் கை ரொம்ப வீங்கியிருக்கிறது. ஓய்வில்லாமல் கவுன் வெட்டியதால் வந்தது என்கிறாள். அவள் மாத்திரை சாப்பிடுகிறாளா என்று கேட்டேன், வேளைக்குச் சாப்பிடுகிறேன் என்றாள். தைலம் ஏதாவது நல்லதாக இருந்தால் அனுப்புங்கள்.

உங்கள் உதவியை மறக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை கணவன்

*

ஜூலை 7

குட்டி,

மாப்பிள்ளையின் கடிதம் வந்தது. இதைப் பாப்பாவிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லாதே. நீயே படி.

மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். முதல் தடவை உன்னைத் திட்டினேன். இரண்டாம் தடவை என்னைத் திட்டினேன். மூன்றாம் தடவை யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை.

டீச்சர் கொடுத்ததையுமா? அந்தப் பத்தையுமா? நேற்று அவர் கடைக்கு வந்தார். மணிக்கட்டு பந்துபோல வீங்கியிருந்தது. அதைப் பற்றி ஒரு பேச்சுப் பேசவில்லை. "தங்கச்சிக்குக் கை பரவாயில்லையாம்மா?" என்றுதான் கேட்டார். "பரவாயில்லை டீச்சர்" என்றேன். அப்படிச் சொன்ன வாயால் சாப்பிட முடியவில்லை.

மாப்பிள்ளை சொன்ன ஆட்களும் வந்தார்கள். முதலில் ஒரு டிரைவர். இல்லை என்றதும் திட்டிவிட்டுப் போய்விட்டார். பிறகு ஒரு பெண். அவள் புருஷன் வார்டில் இருக்கிறான்.

"உங்க தங்கச்சி வீட்டுக்காரருக்குக் குடுத்தீங்களே. அவர் பொழைச்சாரே. எங்களுக்கு மட்டும் இல்லைங்கறீங்க."

"அந்த மாத்திரையால அவர் பொழைக்கலம்மா. அது இதுக்கு மருந்தே இல்ல."

"அப்புறம் ஏன் அவருக்கு அனுப்பினீங்க?"

நான் என்ன பதில் சொல்வது? நான் அனுப்பவில்லை என்றா? என் தங்கை தன் மருந்தை எடுத்துக் கொடுத்தாள் என்றா? அவள் தரையில் ஒட்டியிருந்த மஞ்சள் கட்டத்துக்குள்ளேயே உட்கார்ந்து அழுதாள். அழும்போதுகூடக் கட்டத்தைத் தாண்டவில்லை. நான் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன்.

நாலு மாதமாக ஒரு தெருவையே நம்பவைக்கப் பார்த்தேன். என் தங்கையை நம்பவைக்க முடியவில்லை. தடுக்காது என்று எழுதினேனே குட்டி, நீ படிக்கவில்லையா?

அக்கா

*

ஜூலை 19

அக்கா

இதைப் பாப்பாவிடம் சொல்லி எழுத முடியாது. பேனாவில் துணி சுற்றிப் பிடித்திருக்கிறேன். ரெண்டு நாளாக எழுதுகிறேன்.

படித்தேன். நீ சொன்னது புரிந்தது. நம்பவும் செய்தேன்.

அதற்கு முன்பே கொடுக்க ஆரம்பித்துவிட்டேன். முதல் நாள் அவர் விழுங்கிவிட்டுச் சாவியை எடுத்தார். கை ஆடவில்லை. உன் கடிதம் வந்த பிறகு எப்படி நிறுத்துவது? இது மருந்து இல்லை என்று சொன்னால் மறுநாள் எதை நம்பி வண்டி எடுப்பார்? என்னிடம் வேறு என்ன இருந்தது?

உன் பேரைச் சொன்னதால்தான் சாப்பிட்டார். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். டீச்சருக்கும்.

அவருக்குத் தெரிய வேண்டாம். தெரிந்தால் அவரால் தாங்க முடியாது.

உன் பெட்டிக்காக வருத்தப்படாதே. வந்திருந்தாலும் அவருக்குத்தான் கொடுத்திருப்பேன்.

கை வலிக்கிறது. போதும்.

*

ஆகஸ்ட் 3

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. படி ஏறும்போது மூச்சு வாங்குவது குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நான் நலமாக இருக்கிறேன். பாப்பாவுக்கு என் அன்பு.

நீங்கள் பிழைத்தது உங்கள் உடம்பின் வலுவால், அந்த வார்டில் இருந்த நர்ஸுகளால், ஆக்ஸிஜனால். அந்த மாத்திரையால் இல்லை. நான் சொன்னால் நம்புவீர்கள் என்பதால் சொல்கிறேன். அதை இனி யாருக்கும் சொல்லாதீர்கள். ஷெட்டில் சொன்னவர்களிடமும், உங்கள் உதவியாளரிடமும் அக்கா இப்படிச் சொன்னாள் என்று திரும்பப் போய்ச் சொல்லுங்கள். எனக்கு நீங்கள் செய்ய வேண்டிய நன்றி அதுதான்.

சோதித்துப் பார்த்ததில் பலன் இல்லை என்று பெரிய டாக்டர்களே இப்போது முடிவு செய்துவிட்டார்கள். மருத்துவமனைகளுக்குக் கொண்டுபோன பெட்டிகள் திரும்பக் கடைகளுக்கு வந்துகொண்டிருக்கின்றன. பாதிப் பெட்டிகளைப் பிரிக்கவே இல்லை. டீச்சர் ஒருவருக்கு இரண்டு மாதத்துக்கு முன்பே சேர வேண்டியதை நேற்று அவர் வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன். பார்சலில் இருப்பது முழுவதும் உங்கள் மனைவிக்கு. உங்களுக்கு இல்லை.

தைலம் அனுப்பவில்லை. தைலத்தால் ஆகாது. மூட்டு டாக்டர் உட்கார ஆரம்பித்த முதல் நாளே அவளை அழைத்துப் போங்கள். அவள் வேலை இருக்கிறது என்பாள், கேட்காதீர்கள்.

இன்னொன்று. தினமும் காலையில் அவள் சாப்பிட்டதும் ஒரு மாத்திரையை நீங்களே பிரித்து அவள் வாயில் போடுங்கள். தண்ணீரை நீங்களே பிடித்துக் கொடுங்கள். அவள் விழுங்கிவிட்டாள் என்று தெரியும்வரை அந்த இடத்தைவிட்டு நகராதீர்கள். ஏன் என்று கேட்காதீர்கள். கடைக்காரி சொல்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா

*

செப்டம்பர் 6

அன்புள்ள அக்கா,

நீ நலமாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டு சொல்கிறேன், பாப்பா எழுதுகிறாள். கம்பவுண்டர் ஐயா திரும்ப வந்துவிட்டாரா? நீ ஒருத்தியாகவே நிற்கிறாயா?

மூட்டு டாக்டரிடம் போய்வந்தோம். வீக்கம் வடிந்துவிடும் என்றார். வலது கையில் இரண்டு விரலும் இடது கையில் ஒன்றும் வளைந்தது வளைந்ததுதான், நிமிராது என்றார். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "எத்தனை நாள் மருந்தை விட்டீங்க?" என்று கேட்டார். கொஞ்ச நாள் என்றேன். கூட வந்த உன் மாப்பிள்ளை திரும்பிப் பார்த்தார், நான் பாப்பாவின் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டேன்.

துணிப் பிரிவில் இப்போது நான் மடிக்கிற மேசையில் இருக்கிறேன். விரிப்புகளை உள்ளங்கையால் நீவி மடிப்பதற்கு விரல் அவ்வளவாக வேண்டியதில்லை. என் மிஷினில் ஒரு புதுப் பெண் உட்கார்ந்திருக்கிறாள். ஓரத்தைக் கோணலாகத்தான் அடிக்கிறாள். நான் ஒன்றும் சொல்வதில்லை.

அவர் மறுபடி வண்டி ஓட்டப் போகிறார். நீ எழுதியபடி ஷெட்டில் போய்ச் சொன்னாராம். "நீ பொழைச்சுட்ட, இப்ப எங்ககிட்ட வேண்டாங்கற" என்று இரண்டு பேர் அவரோடு பேசுவதையே விட்டுவிட்டார்கள். அவருக்குப் பெரிய வருத்தம்.

உன் உத்தரவுப்படி தினமும் காலையில் மாத்திரையை அவர்தான் பிரிக்கிறார். டம்ளரை வாயில் வைத்துப் பிடித்துக்கொண்டு என் தொண்டையையே பார்க்கிறார், இறங்குகிறதா என்று. வண்டிக்கு நேரமானாலும் போவதில்லை. நேற்று அப்படி நிற்கும்போது சிரித்துக்கொண்டே சொன்னார்: "எனக்கு அனுப்பினப்பகூட உங்க அக்கா இவ்வளவு கறாரா இல்லையே. உன்மேலதான் அவங்களுக்கு நம்பிக்கை இல்ல போல."

எனக்கு வாயில் தண்ணீர் இருந்தது. அதனால் பதில் சொல்லவில்லை.

தங்கச்சி